வராமல் போன பதினோராயிரம் வரிகள்

மாரிஸ் அண்ணன் கதவைப் பூட்டினால் மூன்று தரம் இழுத்துப் பார்ப்பார். கேஸ் அடுப்பை அணைத்துவிட்டு மாடிப்படி இறங்கியவர், பாதி வழியில் திரும்பி ஏறி மறுபடியும் பார்ப்பார். வெயில் மண்டையைப் பிளக்கிற நாளிலும் கையில் குடை இருக்கும். "அண்ணே, நீங்க சொர்க்கத்துக்குப் போனாலும் வாசல்ல நின்னு, இது சரியான அட்ரஸ்தானான்னு ரெண்டு வாட்டி கேப்பீங்க லா" என்று கிண்டல் செய்திருக்கிறேன். அப்படிப்பட்டவர் கையால்தான் அது நடந்தது. வேறு யார் செய்திருந்தாலும் நான் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்துவிட்டு ஓய்ந்திருப்பேன்.

என் பெயர் இந்திரா. கிள்ளான் லிட்டில் இந்தியாவில் ஒரு புடவைக் கடைக்கு மேல் மாடியில் எங்கள் சங்கத்தின் அலுவலகம் இருக்கிறது. இரண்டு அறை, நான்கு மேசை, எப்போது வேண்டுமானாலும் நின்றுபோகும் ஓர் ஏர்கோன். ஐசி என்கிற அடையாள அட்டை இல்லாதவர்கள் அங்கே வருவார்கள். இந்த மண்ணிலேயே பிறந்து, ரப்பரும் செம்பனையும் சுமந்து முதுகு வளைந்து, கடைசிவரை ஐசி இல்லாமல் போலீஸ் ரோட்பிளாக்கைக் கண்டு பேருந்தில் தலையைக் குனிந்துகொள்கிற மனிதர்கள் இன்னும் இருக்கிறார்கள். இங்கேதான் பிறந்தார்கள் என்று காட்ட ஒரு பழைய தாள் வேண்டும். அதைத் தேடிக் கொடுப்பது எங்கள் வேலை.

மூடப்பட்ட எஸ்டேட் ஆஸ்பத்திரிகளின் பிறப்புப் பதிவேடுகள், இறப்புப் பதிவேடுகள், கோயில் நோட்டுகள், மாதா கோயில் ஞானஸ்நானப் புத்தகங்கள் என்று நாற்பதாயிரம் பக்கங்களை நாங்கள் ஸ்கேன் செய்து, எழுத்தையெல்லாம் தட்டச்சு செய்து கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தோம். ஒரு சொல்லைத் தட்டினால் அது எந்தப் பக்கத்தில் இருந்தாலும் திரையில் வந்து நிற்கும். அந்தத் தேடலைக் கட்டி எழுப்பியவர் மாரிஸ் அண்ணன்.

அவர் பிறந்தது செந்தூல் ரயில்வே குவார்ட்டர்ஸில். அப்பா பட்டறையில் ஃபிட்டர். அண்ணன் பள்ளிக்கூடம் முடித்ததும் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் விவரம் தட்டுகிற வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே முப்பது வருடத்துக்கு மேல் தரவுத்தளங்களைக் காவல் காத்துவிட்டு, ஐம்பத்தொரு வயதில் வெளியே வந்தார். பிரிக்பீல்ட்ஸ் பிளாட்டிலிருந்து கோமுட்டர் ரயிலேறி வாரம் ஐந்து நாள் கிள்ளானுக்கு வருவார். பிஸ்கட் டின்னின் மேல்கூட எந்தத் தேதியில் திறந்தது என்று லேபிள் ஒட்டியிருக்கும்.

அவரை எங்களிடம் கூட்டிவந்தது வெரோனிகா அக்கா, அவர் மனைவி. தமிழ்ப்பள்ளி ஆசிரியை. வெரோனிகா அக்காவுக்குத்தான் முதலில் ஒரு விஷயம் புரிந்தது. எஸ்டேட் பதிவேட்டில் குமாஸ்தாவான கிராணி எழுதிய பெயர் ஒன்று இருக்கும், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் கூப்பிட்ட பெயர் வேறாக இருக்கும். மாமனார் பெயரைப் பிள்ளைக்கு வைத்திருப்பார்கள், மருமகள் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடக் கூடாது, அதனால் வீட்டில் வேறு பெயர். பிள்ளைக்கு நோய் கண்டால் பெயரை மாற்றிவிடுவார்கள். தாய் செத்துப்போனால் எடுத்து வளர்த்தவள் தனக்குப் பிடித்த பெயரை வைத்துவிடுவாள். அறுபது வயதில் எங்கள் முன்னால் வந்து உட்காருபவருக்குக் கூப்பிட்ட பெயர் மட்டும்தான் தெரியும். பதிவேட்டில் அது இருக்காது. எங்கள் தேடல் எத்தனை வேகமாக இருந்தும் என்ன பயன்?

வெரோனிகா அக்கா பேருந்தேறிப் போனார். பந்திங், தெலுக் பங்ளிமா காராங், காப்பார் என்று எங்கெல்லாம் பழைய லயத்து ஆட்கள் மிச்சம் இருந்தார்களோ அங்கெல்லாம் போய், எஸ்டேட் ஆஸ்பத்திரி ஆயாக்களிடமும் ஆயக்கொட்டகையில் பிள்ளை பார்த்தவர்களிடமும் உட்கார்ந்து கேட்டார். இந்தப் பக்கத்தில் இருக்கிற இந்தப் பிள்ளையை நீங்கள் என்னவென்று கூப்பிட்டீர்கள், அது இப்போது எங்கே இருக்கிறது? ஐந்து வருடம் கேட்டார். நோட்டில் எழுதிவந்து இரண்டு விரலால் தட்டித் தட்டிக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். மொத்தம் பதினோராயிரத்து நானூற்றாறு வரிகள். ஒவ்வொரு வரியிலும் கூப்பிட்ட பெயர், பதிவேட்டுப் பெயர், பக்க எண், யார் சொன்னது, பக்கத்தில் அக்காவின் ஒரு குறிப்பு. "லயத்தில் கருப்பாயி, பதிவில் விக்டோரியா. சிரிக்கக் கூடாது. சிரித்துவிட்டேன்" என்று ஒன்று இருந்தது.

நோட்டுப் புத்தகங்கள் இருபத்து மூன்று. பிளாட்டில் கட்டிலுக்கு அடியில் மைலோ பெட்டியில் கிடந்தன. 2019-ல் ஒரு காலை, "பேப்பர் லாமா, பேப்பர் லாமா" என்று ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டு பழைய பேப்பர் லோரி கீழே வந்து நின்றது. கரையான் வந்துவிடும், எடுத்துப் போட்டுவிடலாம் என்று அண்ணன் சொன்னார். அக்காவுக்கு மனமில்லை. "எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கு வெரோ. பேக்கப்புல இருக்கு. பேக்கப்புக்கும் ஒரு பேக்கப் இருக்கு" என்றார் அண்ணன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான்கு மாடி இறங்கியதும் அவர்தான். மறுநாள் அக்கா என்னிடம் பொய்க்கோபத்தோடு இதைச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

2021 ஜூலையில் வெரோனிகா அக்கா கோவிட்டில் போய்ச் சேர்ந்தார். ஆஸ்பத்திரிக்குள் போனதோடு சரி, அண்ணனால் அவர் முகத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை. ஒரு மாதம் கழித்து வேலைக்கு வந்தவர், மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் திரையில் அந்த அட்டவணையைத் திறந்து அக்காவின் குறிப்புகளை ஒவ்வொன்றாகப் படிப்பார். தினமும் பத்து வரிதான். சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாதென்று நினைத்தாரோ என்னவோ. நான் கண்டுகொள்ளாதது போல என் வேலையைப் பார்ப்பேன்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை அவருடைய ஒத்திகை நாள். பேக்கப் கோப்பை எடுத்து, வேறொரு பழைய கம்ப்யூட்டரில் முழுவதையும் திரும்ப ஏற்றிப் பார்ப்பார். பேக்கப் எடுப்பவன் பாதி வேலைக்காரன், திரும்ப ஏற்றிப் பார்ப்பவன்தான் முழு வேலைக்காரன் என்பார். பக்கங்களின் எண்ணிக்கை சரியா என்று பார்ப்பார். தேடலும் வேலை செய்கிறதா என்று ஒரு சொல்லைத் தட்டுவார். எப்போதும் ஒரே சொல், "மருத்துவச்சி". நூற்றுக்கணக்கான பக்கங்கள் வந்து விழும். நோட்டில் ஒரு டிக் போட்டுவிட்டுக் கீழே ரொட்டி சானாய் சாப்பிடப் போவோம். பத்து வருடத்தில் நூற்றுப் பதிமூன்று டிக்.

2024 மார்ச்சில் இராஜம்மா அக்கா வந்தார். பந்திங்கிலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்திருந்தார். வயது அறுபத்திரண்டோ மூன்றோ, அவருக்கே தெரியாது. 1957-ல் மெர்டேக்கா என்கிற சுதந்திரம் வந்த பிறகு, 1963-ல் மலேசியா ஆவதற்கு முன்பு பிறந்தவர் என்பது மட்டும் தெரியும். பந்திங் பக்கம் ஓர் எஸ்டேட்டில் பக்கத்து லயத்து அம்மா ஒருவர் எடுத்து வளர்த்திருக்கிறார். அவரும் போய் நாற்பது வருடம் ஆகிறது. பெற்ற தாய் யார், என்ன பெயர் என்று சொல்ல ஒரு ஆளில்லை. பல வருடம் முன்பு போட்ட விண்ணப்பத்துக்கு, ஜூன் பதினெட்டாம் தேதி பதிவு அலுவலகத்துக்கு நேரில் வரச்சொல்லி இப்போதுதான் கடிதம் வந்திருந்தது.

"ஐசி கெடைக்கலன்னாகூடப் பரவாயில்லம்மா. என்னைப் பெத்தவ பேரு என்னன்னு மட்டும் தெரிஞ்சிடணும். ஒரு காயிதத்துல என் பேருக்குப் பக்கத்துல அவ பேரு இருக்கணும்" என்றார்.

"ரெண்டும் கெடைக்கும்க்கா. உக்காருங்க" என்று சொல்லிவிட்டு, நான் "இராஜம்மா" என்று தட்டினேன். இராஜம்மாக்கள் பலர் வந்தார்கள். அதில் ஒருத்தி அந்த எஸ்டேட் ஆஸ்பத்திரியில் பிறந்தவள். வெரோனிகா அக்காவின் குறிப்பு: "பவுனம்மாள் சொன்னது. பவுனம்மாள் எஸ்டேட் ஆஸ்பத்திரி ஆயா. தாய் பிரசவத்தில் இறந்தாள். பக்கத்து லயத்துக்காரி பிள்ளையைத் துணியில் சுற்றி எடுத்துப்போனாள். இராஜம்மா என்று அவள்தான் வைத்தாள்." பக்க எண்ணை அழுத்தியதும் பதிவேட்டுப் பக்கம் திறந்தது. பிள்ளை பெயர், தேதி, தாய் பெயர் எல்லாம் கிராணியின் சாய்ந்த கையெழுத்தில் இருந்தன. நான் பார்த்தேன். இந்த இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

"கெடச்சிருச்சுக்கா!" என்று கத்திவிட்டேன். இராஜம்மா அக்கா இரண்டு கையையும் எடுத்து என்னைக் கும்பிட்டார். அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. பேசிவிட்டு வந்து பிரிண்ட் எடுக்கப் போனால் பிரிண்டரில் மை இல்லை. வெளியே இன்னும் ஆறு பேர் காத்திருந்தார்கள். "அக்கா, அடுத்த வாரம் வாங்க. எல்லாத்தையும் அழகா பிரிண்ட் எடுத்து, முத்திரை குத்தி, உங்க அம்மா பேரைப் படிச்சுக் காட்டிக் குடுக்கிறேன். உங்க மகளையும் கூட்டிட்டு வாங்க" என்றேன். நல்ல விஷயத்தை நல்லபடியாகச் செய்யலாம் என்று நினைத்தேன், அவ்வளவுதான். கைப்பேசியில் ஒரு படம் எடுக்கத் தோன்றவில்லை. அந்தப் பெயரை வாய்விட்டுப் படிக்கக்கூடத் தோன்றவில்லை. என்னைச் செருப்பால் அடித்தாலும் தகும்.

அந்த வாரம் வியாழக்கிழமை சாயந்திரம் கிள்ளானில் இடி இடித்தது. இங்கே தினமும் இடிக்கும், யாரும் அதைப் பெரிதாக எடுப்பதில்லை. ஆனால் அன்றைக்கு எங்கள் கட்டடத்தில் விழுந்தது. சர்வர், அதைக் காக்க வைத்திருந்த பேட்டரி, உள்ளே இருந்த இரண்டு ஹார்ட்டிஸ்க் எல்லாம் கருகிவிட்டன. அறையில் ஒரு வாரம் கருகல் வாடை அடித்தது. ஹார்ட்டிஸ்க்கிலிருந்து மீட்டுத் தருகிற கடைக்குக் கொண்டுபோனோம். திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்கள். இராஜம்மா அக்காவின் மகளுக்குப் போன் செய்து, கம்ப்யூட்டர் சரியானதும் நாங்களே கூப்பிடுகிறோம் என்றேன்.

மாரிஸ் அண்ணன் பதறவில்லை. இதற்காகத்தானே பத்து வருடம் ஒத்திகை பார்த்திருக்கிறார். புது சர்வர் வாங்கி, பேக்கப் கோப்பை ஏற்ற ஆரம்பித்தார். முதல் நாளே திரை முழுக்கச் சிவப்பில் பிழைகள். அவருடைய தேடல், எக்ஸ்டென்ஷன் என்று ஒன்றை நம்பி ஓடுகிறது. வீட்டுக்குப் பின்னால் இழுத்துக் கட்டிய சமையலறை மாதிரி, தரவுத்தளத்தோடு சேர்த்துக் கட்டிய கூடுதல் பகுதி அது. புது சர்வரில் அதன் பதிப்பு ஒத்துப்போகவில்லை. எக்ஸ்டென்ஷன் இல்லாமல் தேடலுக்கான அகரவரிசைப் பட்டியல் உருவாகவில்லை, அந்தப் பட்டியல் இல்லாமல் பக்கங்கள் ஏறவில்லை. மூன்று நாள் மல்லுக்கட்டினார். பழைய பதிப்பைத் தேடிப் பிடித்து, அதை முதலில் நிறுவி, பிறகு கோப்பை ஏற்றினார். மூன்றாம் நாள் மத்தியானம் ஒரு பிழைகூட இல்லாமல் ஓடி முடிந்தது. நாற்பதாயிரம் பக்கமும் வந்துவிட்டன. "மருத்துவச்சி" என்று தட்டினார். நூற்றுக்கணக்கில் வந்தன.

"பாத்தியா?" என்றார் என்னிடம். முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். வெரோனிகா அக்கா போனதற்குப் பிறகு அவரை அப்படிப் பார்த்ததில்லை. நான் கீழே போய் எல்லாருக்கும் நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் டீ வாங்கி வந்தேன். வந்து என் மேசையில் உட்கார்ந்து, இராஜம்மா அக்காவின் பக்கத்தை முதலில் பிரிண்ட் எடுத்துவிடலாம் என்று "இராஜம்மா" என்று தட்டினேன்.

பதிவேட்டில் அதே பெயரில் எழுதப்பட்ட வேறு நான்கு இராஜம்மாக்கள் வந்தார்கள். அவர் வரவில்லை.

"அண்ணே, வரல."

"எழுத்தைச் சரியா தட்டினியா?"

"தட்டினேண்ணே. கருப்பாயியும் வரல."

அவர் எழுந்து வந்து அட்டவணையை நேராகத் திறந்தார். கூப்பிட்ட பெயர், பதிவேட்டுப் பெயர், பக்கம், சொன்னவர், குறிப்பு என்று தலைப்புகள் எல்லாம் வரிசையாக இருந்தன. கீழே ஒன்றும் இல்லை. வரிகள்: பூஜ்யம். மூடித் திறந்தார். மறுபடியும் மூடித் திறந்தார். கையில் இருந்த தே தாரேக்கை மேசையில் வைத்தார். அன்று அதைக் குடிக்கவே இல்லை.

என்ன நடந்தது என்று சாயந்திரம் எனக்கு விளக்கினார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. 2014-ல் இந்தப் பெயர் அட்டவணையை, எல்லாம் ஒரே இடத்தில் ஒழுங்காக இருக்கட்டும் என்று அவரே எக்ஸ்டென்ஷனுக்குள் கொண்டுபோய் வைத்தார். பேக்கப் எடுக்கும் கட்டளை எக்ஸ்டென்ஷனுக்குள் இருப்பதைத் தொடாது. பின்பக்கச் சமையலறையைப் புது வீட்டில் அப்படியே மறுபடி கட்டிக்கொள்வார்கள், சுமந்துபோக வேண்டாம் என்பது அதன் கணக்கு. சமையலறையைக் கட்டினோம். பாத்திரம் ஒன்றும் வரவில்லை. "உள்ளே இருப்பதையும் சேர்த்து எடு" என்று சொல்ல ஒரே ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. அது பிழை என்று எந்தத் திரையும் அவருக்குச் சொல்லவில்லை.

"மாசா மாசம் பாத்தீங்களேண்ணே! நூத்திப் பதிமூணு வாட்டி பாத்தீங்களே!" கத்திவிட்டேன். என் வாய் அப்படி.

"மருத்துவச்சி பதிவேட்டுலயே இருக்கிற சொல்லு இந்திரா. அதுக்கு வெரோவோட அட்டவணை தேவையில்ல. நான் ஒரு வாட்டி, ஒரே ஒரு வாட்டி, ஒரு கூப்பிட்ட பேரைத் தட்டிப் பாத்திருக்கணும்" என்றார்.

அடுத்த பதினைந்து நாள் அவர் பழைய பேக்கப் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்தார். நூற்றுப் பதிமூன்று. ஒவ்வொன்றிலும் அட்டவணையின் பெயர்கூட இல்லை. அட்டவணையை உள்ளே நகர்த்துவதற்கு முன், ஒத்திகைகள் தொடங்கும் முன்பே எடுத்த ஒரு கோப்பில் மட்டும் வரிகள் இருந்தன. முந்நூற்றுப் பன்னிரண்டு. வெரோனிகா அக்கா வேலையைத் தொடங்கிய முதல் சில மாதங்களில் ஏற்றியவை. அதில் இராஜம்மா அக்கா இல்லை. அவரைப் பற்றிச் சொன்ன பவுனம்மாள் அம்மா 2017-லேயே இறந்துவிட்டார். அந்தப் பதினோராயிரம் வரிகளைச் சொன்னவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை. கேட்டு எழுதியவரும் இல்லை. நோட்டும் இல்லை. அண்ணன் அந்த முந்நூற்றுப் பன்னிரண்டையும் தாளில் அச்சடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"நான்தான் தூக்கிட்டுப் போய் லோரியில போட்டேன்" என்றார் ஒருநாள், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, யாரும் எதுவும் கேட்காமலே.  பழைய பேப்பர் எப்போதோ கூழாகி, அட்டைப் பெட்டியாகி, அதுவும் கிழிந்து போயிருக்கும்.

ஜூன் பதினெட்டுக்கு ஆறு வாரம் இருந்தது. அண்ணன் பதிவேடுகளைக் கண்ணால் படிக்கத் தொடங்கினார். இராஜம்மா அக்கா வளர்ந்த எஸ்டேட்டின் ஆஸ்பத்திரிக்குச் சுற்றுவட்டாரத்தில் ஏழெட்டு எஸ்டேட்டுகளிலிருந்து பிரசவத்துக்கு வருவார்கள்; யார் எந்த எஸ்டேட் என்று பதிவேட்டில் இருக்காது. மெர்டேக்காவுக்கும் மலேசியாவுக்கும் நடுவில் ஆறு வருடம். பிறப்புப் பதிவேட்டையும் இறப்புப் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெண் குழந்தை பெற்று, குழந்தை பிழைத்து, தாய் இறந்துபோன இடங்களைத் தேடினார். நானும் கூட உட்கார்ந்தேன். இத்தனை சாவை நான் ஒருசேரப் படித்ததில்லை. ஐந்தாவது வாரம் முடியும்போது ஐந்து பேர் மிஞ்சினார்கள். முனியாயி, தங்கலெட்சுமி, அஞ்சலை, பூமாலை, செகப்பாயி. ஐந்து தாய்மார்கள், ஐந்து பெண் குழந்தைகள். ஐந்தில் ஒருத்தி இராஜம்மா.

"நீ பாத்தியே இந்திரா, இதுல எது?" என்று கேட்டார் அண்ணன்.

ஐந்து பக்கத்தையும் உற்று உற்றுப் பார்த்தேன். எல்லாம் அதே கிராணியின் அதே சாய்ந்த கையெழுத்து. கண்ணை மூடிப் பார்த்தேன். தொலைபேசி மணிதான் ஞாபகம் வந்தது. ஒன்றுகூட நான் பார்த்த பெயராகத் தோன்றவில்லை, பிறகு ஐந்துமே நான் பார்த்த பெயர் போலத் தோன்றின. மேசையில் தலையை வைத்து அழுதேன். அண்ணன் என்னைத் தேற்றினார். அவர் என்னைத் தேற்றுகிறாரே என்று இன்னும் அழுகை வந்தது.

பந்திங்குக்குப் போய் நேரில் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தோம். போகிற வழியில் நான் அண்ணனிடம் ஒன்று சொன்னேன். "அஞ்சுல ஒண்ணை எடுத்துக் குடுத்துடலாம்ணே. யாருக்குத் தெரியப்போகுது? ஐசி கெடச்சுடும். பாவம்ணே அவங்க." அண்ணன் பையிலிருந்த ஐந்து பக்கங்களையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "நானும் அதைத்தான் நேத்து முழுக்க நெனச்சேன்" என்றார்.

இராஜம்மா அக்கா எங்களுக்கு மரவள்ளிக்கிழங்கு அவித்து வைத்திருந்தார். நல்ல சேதி கொண்டு வருகிறோம் என்று நினைத்து நல்ல புடவை கட்டியிருந்தார். அண்ணன் நாற்காலி நுனியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். கம்ப்யூட்டர், இடி, பேக்கப் என்று எதையும் சாக்காகச் சொல்லவில்லை. "என் தப்புமா. என் மனைவி எழுதி வச்சதை நான் தொலைச்சிட்டேன்" என்றார்.

"அப்ப அவங்களையே கேளுங்களேன் தம்பி. எழுதினவங்களுக்கு ஞாபகம் இல்லாமயா போயிடும்?"

 நான்தான் சொன்னேன், வெரோனிகா அக்கா தவறி மூன்று வருடம் ஆகிறதென்று. இராஜம்மா அக்கா "அய்யோ" என்று எழுந்து வந்து அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார். ஐசி, கடிதம், தாய் எல்லாவற்றையும் அந்த நிமிடம் மறந்துவிட்டார். "சாப்பிட்டீங்களா தம்பி? யாரு ஆக்கிப் போடுறா?" என்று கேட்டார். அதற்குத்தான் அண்ணன் அழுதார். ஆஸ்பத்திரியிலிருந்து சேதி வந்த அன்றுகூட அழாத மனிதர்.

பிறகு அந்த ஐந்து பெயரையும் அண்ணன் படித்துக் காட்டினார். இராஜம்மா அக்கா இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். படித்தார். நான் மெல்ல, "அக்கா, இதுல ஒண்ணை வச்சுக்கலாம்" என்று ஆரம்பித்தேன்.

"வேணாம்மா" என்றார். கோபம் இல்லை, யோசித்துச் சொன்னார். "மத்த நாலு புள்ளைங்க இருக்கில்ல. அதுங்களும் என்னை மாதிரிக் காயிதம் இல்லாம எங்கயாச்சும் கெடக்கும். நான் ஒருத்தியோட அம்மாவை எடுத்துக்கிட்டா, அது எங்க போய்த் தேடும்?"

 கிளம்பும்போது கிழங்கை வாழையிலையில் கட்டி எங்கள் பையில் வைத்துவிட்டார்.

ஜூன் பதினெட்டு காலை மூன்று பேரும் பதிவு அலுவலகத்துக்குப் போனோம். தேதியைத் தள்ளிப்போட்டால் இன்னும் எத்தனை வருடமோ என்று பயம். எண் கூப்பிட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓர் இளம் மலாய்ப் பெண், மரியாதையாகப் பேசினாள். பெயர், ஊர், வளர்த்தவர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தட்டிக்கொண்டு வந்தாள். பிறகு, "நாமா இபு?" என்று தாயின் பெயரைக் கேட்டாள்.

இராஜம்மா அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். "முனியாயி, தங்கலெட்சுமி, அஞ்சலை, பூமாலை, செகப்பாயி" என்றார். மனப்பாடம் செய்து வைத்திருந்தார். எங்களுக்கே தெரியாது.

அந்தப் பெண் கையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தாள். "சத்து சஹாஜா, மாக்சிக்" என்றாள். ஒன்றுதான், அம்மா. அண்ணன் கொண்டுவந்த ஐந்து பக்கங்களையும் கண்ணாடிக்கு அடியில் தள்ளி, நடந்ததை மலாயில் விளக்கினார். பொறுமையாகக் கேட்டாள். பரிதாபப்படத்தான் செய்தாள். ஆனால் இந்தப் பிள்ளைதான் இவர் என்று சொல்ல ஆள் வேண்டும், இல்லை எழுத்து வேண்டும், இரண்டில் ஒன்று இல்லாமல் ஒன்றும் செய்வதற்கில்லை என்றாள். பக்கங்களைத் திருப்பித் தந்துவிட்டு, அந்தக் கட்டத்தில் ஏதோ தட்டினாள்.

"என்ன எழுதுது தம்பி அந்தப் புள்ள?" என்று இராஜம்மா அக்கா கேட்டார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

திரை எங்கள் பக்கம் லேசாகத் திரும்பியிருந்தது. நான் சொல்லட்டுமா என்பது போல அண்ணனைப் பார்த்தேன். அவர் தலையாட்டி மறுத்துவிட்டுத் தானே சொன்னார். "தகவல் கிடைக்கலன்னு எழுதுறாங்கம்மா."

இராஜம்மா அக்கா அந்தத் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்ணிடம், அவளுக்குப் புரியாது என்பதையே மறந்து, தமிழிலேயே சொன்னார்.

"கெடச்சுச்சேம்மா. ஒரு நாளு கெடச்சுச்சே."